ஆட்சி செய்த ஊரிலேயே பாடம் நடத்த வாருங்கள்

பென்னாகரம் பக்கத்திலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வரும் மாணவி அவள். மூன்றாம் ஆண்டு அரசியல் அறிவியல். பிரிட்டிஷ் பிரதமர் பதவியைப் பற்றி நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து கேட்டாள்: "மேடம், பதவி போன பிறகு இவர்கள் எல்லாரும் பெரிய பெரிய பல்கலைக்கழகத்துக்கே பாடம் நடத்தப் போகிறார்களே. நம்மைப் போன்ற கல்லூரிக்கு யாரும் வர மாட்டார்களா?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. தருமபுரி மாவட்டத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராக, தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். ஒரு வாரமாக அதைப் பற்றியே யோசித்தேன். இந்த நீண்ட பதிவு அவளுக்கான பதில்தான்.

அவள் சொன்னது உண்மை. ரிஷி சுனக் 2024 ஜூலையில் தேர்தலில் தோற்றார். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே ஆக்ஸ்ஃபோர்டிலும் ஸ்டான்ஃபோர்டிலும் பொறுப்பு ஏற்றார். இரண்டுமே அவர் படித்த இடங்கள். நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன் 2023 ஜனவரியில் பதவி விலகி, அதே ஆண்டிலேயே ஹார்வர்டுக்குப் போனார். டோனி பிளேர் பிரிட்டிஷ் பிரதமர் பதவியை விட்ட மறு ஆண்டே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மதமும் உலகமயமாதலும் என்ற பாடத்தை நடத்தினார். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளிண்டன் 2023இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். இது புதிய பழக்கமும் அல்ல. 1912 தேர்தலில் தோற்ற அமெரிக்க அதிபர் டாஃப்ட் நேராக யேலுக்குப் போய் எட்டு ஆண்டுகள் சட்டம் சொல்லிக்கொடுத்தார். பிறகுதான் அந்த நாட்டின் தலைமை நீதிபதி ஆனார்.

இதையெல்லாம் ஓய்வுக்காலச் சொகுசு என்று என் நண்பர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி அதை இணையத்தில் நேரலையாகக் காட்டினான். அந்தக் காட்சி பரவுவதைத் தடுக்க ஒரு பிரதமர் எந்த நிறுவனத்தோடு என்ன பேசினார், எங்கே முட்டிக்கொண்டார் என்பது எந்தப் பாடநூலிலும் இருக்காது. ஆர்டெர்ன் சொன்னால்தான் தெரியும். ஆட்சியில் இருந்தவர்களின் அனுபவம் பொதுச் சொத்து. அது அவர்களோடு மண்ணுக்குள் போய்விடக் கூடாது.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்டெர்ன் ஆண்டது நியூசிலாந்து மக்களை. பாடம் சொல்லப் போனது அமெரிக்காவுக்கு. பிளேரும் அப்படியே. 2003இல் ஈராக் போருக்குத் தன் நாட்டை இழுத்துச் சென்றவர் அவர். அந்தப் போரில் மகனை இழந்த ஒரு பிரிட்டன் குடும்பத்தின் பிள்ளையோ, பாக்தாத்தில் வீடு இழந்தவரின் பிள்ளையோ யேல் வகுப்பில் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? தான் ஆளாத பிள்ளைகளின் முன்னால் நின்று ஆட்சியைப் பற்றிப் பேசுவது எளிது. அவர்கள் கேட்பது புத்திசாலித்தனமான கேள்வியாக இருக்கும். வலித்த இடத்திலிருந்து வரும் கேள்வியாக இருக்காது.

நான் மதிப்பது மைக்கேல் டுகாக்கிஸை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு மூன்று முறை ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் முதலமைச்சருக்கு நிகர். 1988இல் அதிபர் தேர்தலில் தோற்றார். பதவிக்காலம் முடிந்ததும் 1991இல் பாஸ்டன் நகரத்திலேயே உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, கால் நூற்றாண்டுக்கும் மேல் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். பாஸ்டன் அவர் ஆண்ட மாநிலத்தின் தலைநகரம். அவர் போட்ட வரியைக் கட்டியவர்களின் பிள்ளைகளும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்கு டிராம் ரயிலில் போய் வந்தவர் அவர். அவர் எடுத்த முடிவுகளின் பலனையும் பழுதையும் அந்த ரயிலிலேயே அவரிடம் சொல்ல ஆள் இருந்திருக்கும்.

நம் நாட்டில் என்ன நிலை? ஆசிரியர்கள் ஆட்சிக்குப் போன கதை நம்மிடம் நிறைய உண்டு. ராதாகிருஷ்ணன், மன்மோகன் சிங், பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த அன்பழகன் என்று அடுக்கலாம். ஆட்சியிலிருந்து வகுப்பறைக்குத் திரும்பியவர்கள் என்று தேடினால் அப்துல் கலாம்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங் ஐ.ஐ.எம். மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். அந்த இரவு எங்கள் தெருவில் மெழுகுவத்தி ஏற்றாத வீடு இல்லை. ஆனால் கலாம் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர் அல்லர். சாலை போடவும் பள்ளியை மூடவும் கையெழுத்திட்ட முதலமைச்சரோ அமைச்சரோ அல்லர். நான் தேடுவது அப்படிக் கையெழுத்திட்டவர்களை.

இந்த இடத்தில் எங்கள் மண்ணுக்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. ஓசூரில் பள்ளிப் படிப்பு, சேலத்தில் நகராட்சித் தலைவர், பிறகு நாட்டின் கவர்னர் ஜெனரல், அதற்கும் பிறகு சென்னை மாநில முதலமைச்சர். 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளுக்கு மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று மக்கள் கொதித்தார்கள். மறு ஆண்டு அவர் பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

என் வகுப்பில் பாதிக்கு மேல் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஆடு மேய்த்தவர்கள், செங்கல் சூளைக்குப் போனவர்கள், பெங்களூருவில் கட்டட வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் எங்களுடையது, நூற்றுக்கு 68.5. ராஜாஜி தன் கடைசி ஆண்டுகளில் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ ஒரு கல்லூரி வகுப்பில் நின்று, "நான் ஏன் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தேன் என்றால்" என்று தொடங்கியிருந்தால்? ஒரு மேய்ச்சல்காரரின் மகள் எழுந்து, "ஐயா, அந்தத் திட்டம் நீடித்திருந்தால் நான் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேனா?" என்று கேட்டிருந்தால்? பணம் இல்லை, ஆசிரியர் இல்லை, எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கு வர வேறு வழி தெரியவில்லை என்று அவர் தன் நியாயத்தைச் சொல்லியிருப்பார். அவளும் விட்டிருக்க மாட்டாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக நான் நடத்தும் ஒரு பருவத்துப் பாடத்தைக் கொடுத்துவிடுவேன்.

எங்கள் பகுதியில் இப்படிக் கேட்கப்படாமல் கிடக்கும் கேள்விகள் பல. காவிரி ஒகேனக்கல்லில் நுங்கும் நுரையுமாகக் கொட்டிக்கொண்டிருக்க, நாங்கள் ஃப்ளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தோம். என் முன்பற்களில் பழுப்புக் கறை உண்டு. மூட்டு மடங்காத பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2008இல், திறக்கப்பட்டது 2013இல். அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் எந்த மேசையில் எந்தக் கோப்பு ஏன் நின்றது? மேடையில் எல்லாக் கட்சியினரும் தாங்கள்தான் கொண்டுவந்தோம் என்று சொல்கிறார்கள். வகுப்பறையில் வந்து, தாமதம் ஏன் ஆனது என்று சொல்லட்டும். அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் நடந்தது இன்னும் கனமான கேள்வி. சந்தனக் கடத்தல் சோதனை என்று அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்த வனத்துறையினரும் போலீசாரும் மக்களை அடித்து, பெண்களை வன்கொடுமை செய்தார்கள். 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் கோட்டையில் மாறி மாறி அமர்ந்தவர்கள், அந்த ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பொது நிர்வாகம் நடத்திக் காட்ட வேண்டும்.

நடக்காது என்பீர்கள். நம் கல்லூரிகளுக்கு அரசியல்வாதிகள் வரும் விதம் எனக்கும் தெரியும். வாசலில் பேனர், பொன்னாடை, நினைவுப் பரிசு, நான்கு பேரின் வாழ்த்துரை. மாணவர்கள் இரண்டு மணி நேரம் முன்பே கொண்டுவந்து உட்கார வைக்கப்படுவார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கேள்வி கேட்கக் கையைத் தூக்கிய பையனின் கையை உடன் இருந்த ஆசிரியரே இறக்கிவிட்டதைப் பார்த்தேன். அந்தப் பையனிடம் நான் அன்றே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால்தான் இந்த முறை துறைத்தலைவரிடம் சண்டை போட்டு, பொன்னாடை இல்லாமல், பேனர் இல்லாமல், சாதாரண பாடவேளை ஒன்றுக்கு ஒருவரை அழைத்தேன்.

அவர் எங்கள் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியின் முன்னாள் தலைவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில், பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று வென்றவர். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்தது.

முதலில் கரும்பலகைப் பக்கமே திரும்பாமல் ஓரமாக நின்றார். "என்ன சொல்வது கண்ணு, நீங்கள்தான் படித்தவர்கள்" என்றார். பிறகு தீர்மான நோட்டில் தொடங்கினார். முதல் ஆறு மாதம் கூட்டங்களில் பக்கத்து நாற்காலியில் தன் கணவர்தான் உட்கார்ந்து பேசினார் என்பதை மறைக்காமல் சொன்னார். ஒரு கிராம சபையில் வயதான அம்மா ஒருவர் எழுந்து, "நாங்கள் ஓட்டுப் போட்டது உனக்கா, உன் வீட்டுக்காரனுக்கா?" என்று கேட்டாராம். அன்றோடு கணவர் வருவது நின்றது.

ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்று எங்கள் பாடத்தில் ஒரே வரி இருக்கிறது. அந்த ஒரு வரி ஒரு சித்திரை மாதத்தில் என்ன செய்தது என்று அவர் சொன்னார். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. பழுது பார்த்தவருக்குப் பணம் தர வேண்டும். துணைத் தலைவர் கையெழுத்திட மறுத்தார். மூன்று வாரம் ஊர் டிராக்டர் தண்ணீரில் பிழைத்தது. கடைசியில் இவர் துணைத் தலைவரின் தாயாரைப் போய்ப் பார்த்திருக்கிறார். "அந்த அம்மாவும் குடம் தூக்கியவர்தானே கண்ணு." மறுநாள் கையெழுத்து வந்தது. அதோடு நிறுத்தாமல், "அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அவர் வார்டு ரோட்டை நான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன்" என்றும் சொன்னார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவருடைய ஊராட்சியைச் சேர்ந்தவன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "எங்கள் காலனிக்கு மட்டும் தெருவிளக்கு ஏன் கடைசியாக வந்தது?"

வகுப்பு உறைந்துவிட்டது. நான் குறுக்கே புகவில்லை. அவர் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "மெயின் ரோட்டுக்காரர்கள் தினமும் வீட்டு வாசலில் வந்து கேட்டார்கள். உங்கள் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. வராதவர்களிடம் நான்தான் போயிருக்க வேண்டும். போகவில்லை கண்ணு. அது என் தப்பு."

அவன் உட்கார்ந்தான். சமாதானமாகவில்லை, முகத்தில் தெரிந்தது. சமாதானமாக வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை. யாருக்குக் குரல் இருக்கிறதோ அவர்கள் பக்கமே அரசாங்கம் சாயும் என்று நான் ஒன்பது ஆண்டுகளாக ஆங்கிலக் கோட்பாட்டுப் பெயர்களோடு சொல்லிக்கொடுத்ததை, அந்த அம்மா ஒரு தெருவிளக்கில் வைத்துச் சொன்னார். கேட்டவன் அந்த இருட்டில் நடந்தவன்.

இதற்கு விதியும் இருக்கிறது. தொழில்சார் அனுபவம் உள்ளவர்களைப் பேராசிரியராக அமர்த்தப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பட்டம் கட்டாயம் இல்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை, ஒருவருக்கு அதிகபட்சம் 4 ஆண்டுகள். அந்தத் துறைகளின் பட்டியலில் ஊராட்சி நிர்வாகமும் ஊரக வளர்ச்சியும் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஆனால் 15 ஆண்டு அனுபவம் வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். இட ஒதுக்கீட்டில் ஒரு முறை வென்று, ஐந்து ஆண்டு ஊரைக் கட்டி மேய்த்து, அடுத்த முறை அந்த இடம் பொதுவாக மாறினால் வாய்ப்பை இழக்கப்போகும் ஒரு பெண்ணுக்குப் 15 ஆண்டு எங்கிருந்து வரும்? உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு ஒரு முழுப் பதவிக்காலம் போதும் என்று அந்த விதி மாற வேண்டும். அதோடு, இப்படி வருகிறவர்களைக் காட்டி நிரந்தர ஆசிரியர் பணியிடங்களைக் காலியாகவே வைத்திருக்கவும் கூடாது. தொகுப்பூதியத்தில் நிற்பவள் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முன்னாள் அமைச்சர்கள் வர நாளாகலாம். தருமபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள், கிருஷ்ணகிரியில் 333. அத்தனை ஊரிலும் பதவி முடிந்து வீட்டில் இருக்கும் தலைவர்கள் இருக்கிறார்கள். நம் இரண்டு மாவட்டக் கல்லூரிகளில் அரசியல் அறிவியல், பொருளியல், சமூகவியல் நடத்தும் நண்பர்கள் யாரேனும் உங்கள் வகுப்புக்கு ஒரு பாடவேளை ஒதுக்க முடியும் என்றால் உள்பெட்டியில் எழுதுங்கள். பஸ் கட்டணத்தை நான் தருகிறேன். அந்த அம்மாவிடம் பேசிவிட்டேன். அடுத்த முறை தன் ஐந்து வருட வரவு செலவு நோட்டைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.