தோராஜாவில் பிணங்கள் நடப்பதில்லை

"இந்தோனேசிய மலைக் கிராமத்தில் மந்திரம் போட்டால் பிணம் எழுந்து நடக்கும்" என்று வாட்ஸ்அப்பில் படங்கள் சுற்றுகின்றன. அது பொய். படங்களில் இருப்பது, சுலவேசித் தீவில், தோராஜா மலைப்பகுதியின் பாருப்பு போன்ற ஊர்களில் நடக்கும் மானேனே என்ற சடங்கு.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அறுவடை முடிந்ததும், கல்லறையிலிருந்து இறந்த உறவினரின் சவப்பெட்டியை வெளியே எடுப்பார்கள். உடலைத் தூசி தட்டித் துடைத்து, வெயிலில் காயவைத்து, புதுச் சட்டை மாட்டுவார்கள். உடல் நிற்பது, உறவினர்கள் இருபுறமும் தாங்கிப் பிடிப்பதால்தான். சரி, உடல் கெடாமல் இருப்பது எப்படி? இப்போதெல்லாம் பெரும்பாலும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் ரசாயனத்தால்தான்.

இறுதிச்சடங்குவரை இறந்தவரை 'நோயாளி' என்றே சொல்லி, வீட்டிலேயே வைத்து உணவு படைக்கும் மக்கள் இவர்கள். இந்தப் பாசத்தைப் பேய்க்கதையாக்குவது கொடுமை. தயவுசெய்து அந்தப் படத்தைப் பகிராதீர்கள்.