பூனை முடியைத் துவைக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்

பூனை முடி ஒட்டிய துணியை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டால் போதும், முடி தண்ணீரோடு போய்விடும் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறாக நினைக்க வேண்டாம், முழுசாகப் போகாது. கொஞ்சம் மெஷினின் வலைப்பையில் சிக்கும். மீதி நனைந்து துணியிலேயே அப்பிக்கொள்ளும். கூடப் போட்ட துண்டிலும் ஏறும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பூனை புரண்ட கறுப்பு டி-ஷர்ட் இரண்டு போதும். (எங்கள் வீட்டு வெள்ளைப் பூனைக்கு இஸ்திரி போட்ட கறுப்புத் துணிமேல்தான் தூக்கமே வரும்.) பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையை லேசாக ஈரமாக்கி, ஒன்றை மட்டும் ஒரே திசையில் இழுத்துத் தேயுங்கள். முடி விளக்குத் திரி மாதிரி உருண்டு வரும், கையால் எடுத்துவிடலாம். மற்றதைத் தொடவே வேண்டாம். இரண்டையும் தனித்தனியாகத் துவையுங்கள், சேர்த்துப் போட்டால் ஒன்றின் முடி இன்னொன்றுக்குப் போய்விடும். காய்ந்தபின் செல்லோடேப்பை இரண்டிலும் ஒரே இடத்தில் அழுத்தி உரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எந்த டேப்பில் முடி அதிகம் என்று கண்ணாலேயே தெரியும்.