இரண்டு வயதுப் பிள்ளையோடு ஐரோப்பாவா? ஆறு நாடு வேண்டாம், ஒரு வீடு போதும்

பாரிஸ் படங்களைப் போட்ட நாளிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். டர்பன் தோழிகள், ஜோகன்னஸ்பர்க் தோழிகள், ஊரிலிருந்து என் சித்தி மகள்கூட: "ரெண்டு வயசுப் பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படி சமாளிச்சே?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

சமாளித்ததற்குக் காரணம் ஒன்றுதான். முதலில் கைக்கு வந்த திட்டத்தைத் தூக்கிப் போட்டோம். எங்கள் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு டிராவல் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டம் அது. பத்து நாள், ஆறு நாடு. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், அங்கிருந்து ரைன் நதி, சுவிட்சர்லாந்து, மிலான், ரோம். தினமும் காலை ஏழு மணிக்குப் பெட்டியோடு கீழே இறங்கி நிற்க வேண்டும். விலை நன்றாகத்தான் இருந்தது, என் கணவருக்குப் பிடித்தும் போயிற்று. அன்று ராத்திரி பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு அந்தத் தாளை எடுத்து, எங்கள் மகள் தினமும் தூங்குகிற பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை நாங்கள் எங்கே இருப்போம் என்று பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன். பத்து வட்டத்தில் எட்டு பஸ்ஸில் விழுந்தது, இரண்டு ஏதோ ஒரு வரிசையில் நிற்கிற நேரத்தில் விழுந்தது. அவரிடம் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து வைத்துவிட்டார்.

என் கருத்து இதுதான், யாருக்குக் கோபம் வந்தாலும் சரி. சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் ஊர்களைக் குறைக்கிறேன், இடங்களைக் குறைக்கிறேன் என்று அங்கங்கே கத்தரித்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. பிள்ளையின் நாளை முதலில் எழுதுங்கள்: எழுவது, சாப்பிடுவது, ஓடுவது, தூங்குவது. அதற்குள் எந்த ஊர் அடங்குமோ அந்த ஊருக்குப் போங்கள். எங்களுக்கு இரண்டு ஊர் அடங்கியது. பாரிஸில் எட்டு நாள், பிரான்ஸின் கிழக்கு எல்லையில் இருக்கிற ஸ்ட்ராஸ்பூரில் நாலு நாள்.

அத்தைக்கு (மகளுக்கு ஆயா, டர்பனில் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம்) இந்தப் பயணத்தில் இஷ்டமே இல்லை. "இந்த வயசுல பாத்தது ஒண்ணும் ஞாபகம் இருக்காதும்மா, வீண் செலவு" என்றார். ஞாபகம் இருக்காதுதான். அதற்காக ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகாமல் இருக்கிறோமா? அவளுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் எனக்கு இருக்கும். அதோடு, தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பாரிஸ் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்று. ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. மதுரைக்குப் போனால் மூன்றரை மணி நேர வித்தியாசத்தில் நாலு நாளைக்கு ராத்திரி ஒரு மணி வரை விளையாடுகிற பிள்ளை, பதினோரு மணி நேரம் பறந்து பாரிஸில் இறங்கி, வழக்கமான நேரத்துக்கு இட்லி கேட்டாள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ராத்திரி விமானம்தான் எடுக்க வேண்டும், ஏறி ஒரு மணி நேரத்தில் தூங்கிவிட்டாள். இரண்டு வயது முடிந்துவிட்டால் தனி சீட்டு வாங்கியாக வேண்டும். போகும்போது இரண்டு முடியச் சில நாள் இருந்து, திரும்பும்போது முடிந்துவிட்டால் திரும்புகிற விமானத்துக்கு சீட்டு வேண்டும். டிக்கெட் போடும்போதே தேதியைப் பாருங்கள்.

ஆனால் கடிகாரம் ஒன்றானாலும் சூரியன் ஒன்றல்ல. இதை நான் யோசிக்கவே இல்லை. மே கடைசியில் டர்பனில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், பாரிஸில் ஒன்பதரைக்கும் வெளிச்சம். எங்கள் மகளுக்கு இருட்டினால்தான் தூக்கம். முதல் இரண்டு ராத்திரி ஜன்னலைக் காட்டி "வெளியே பகல்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், படுக்கவே மாட்டேன் என்றாள். மூன்றாம் நாள் என் கறுப்புச் சால்வையைத் திரைக்கு மேலே கிளிப் போட்டு மாட்டினேன், அப்புறம்தான் தூங்கினாள். துணி கிளிப் ஆறு எடுத்துக்கொண்டு போங்கள். வீடு எடுக்கும்போது ஜன்னலுக்கு மரக்கதவோ ஷட்டரோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

காகித வேலை. பிரான்ஸ், ஜெர்மனி மாதிரிப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா, ஷெங்கன் விசா. ஆறு வயதுக்குக் கீழே அதற்குக் கட்டணம் கிடையாது, பெரியவர்களுக்குத் தலைக்கு 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பன்னிரண்டு வயதுக்குக் கீழே கைரேகையும் கிடையாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு பிள்ளைக்கும் வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளாவது முன்னால் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் மூன்று மாதம் முன்னால் கொடுத்தோம். எங்களுக்கு ரொம்ப நேரம் பிடித்தது போட்டோவுக்குத்தான். வாய் மூடியிருக்க வேண்டும், கண் நேரே பார்க்க வேண்டும், பின்னால் பிடித்திருக்கிற கை தெரியக்கூடாது. ஸ்டூடியோக்காரர் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்து, கடைசியில் வெள்ளைத் துணியில் படுக்க வைத்து மேலேயிருந்து எடுத்தார்.

அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும். என் கணவருக்கு வேலை முடியாததால் நானும் மகளும் இரண்டு நாள் முன்னால் கிளம்பினோம். போலீஸ் ஸ்டேஷனில் போய் சத்தியம் செய்து முத்திரை வாங்கிய கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ், மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தேன். விமான நிலையத்தில் மூன்றையும் கேட்டார்கள்.

வீடு. ஹோட்டல் வேண்டவே வேண்டாம் என்பேன், அடுப்பு இருக்கிற வீடு எடுங்கள். விளம்பரத்தில் லிஃப்ட் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள், இருக்கத்தான் செய்தது. ஆனால் நானும் பெட்டியும் நின்றால் பிராமுக்கு (பிள்ளையைத் தள்ளும் வண்டிக்கு) இடமில்லை. தனியாக இருந்த அந்த முதல் நாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டியை முதலில் மேலே அனுப்புவதா, பிராமை அனுப்புவதா என்று தெரியாமல் அழுகையே வந்துவிட்டது. லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். மெட்ரோவும் அப்படித்தான். பெரும்பாலான ஸ்டேஷன்களில் படிக்கட்டுதான், 14ஆம் நம்பர் லைனில் மட்டும் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு. நாங்கள் பஸ்ஸிலேயே போனோம். பஸ் தாழ்வாக இருக்கும், நடுவில் பிராமுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், ஜன்னல் வழியாக ஊரையும் பார்க்கலாம். நாலு வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது.

சாப்பாட்டுக்கு நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போனேன். நம் ஊர் மூன்று குண்டுப் பின் பிளக் அங்கே எந்தச் சுவரிலும் நுழையாது, அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதியில்லை, குழந்தைக்கான பால் பவுடர் மட்டும் ஒரு அளவு வரை விடுவார்கள். அதனால் நெய்யை விட்டுவிட்டு பருப்புப் பொடி மட்டும். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் போனால் தெரு முழுக்க நம் கடைகள், பெரும்பாலும் ஈழத்தவர்கள். கறிவேப்பிலை, நெய், இட்லி மாவு, எல்லாம் கிடைத்தது. மகள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த வாழைப்பழத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். கடைக்கார அம்மா ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, "பிள்ளைக்கு ரெண்டு வயசோ? எங்கயிருந்து வாறியள்?" என்றார். தென்னாப்பிரிக்கா என்றதும், "அங்கயும் எங்கட ஆக்கள் இருக்கினமோ!" என்று உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். பழத்துக்குக் காசு வாங்கவில்லை.

வீடு ஜார்தான் தே பிளான்ட் பூங்கா பக்கம் எடுத்தது எனக்கு ரொம்பத் திருப்தி. உள்ளேயே 1794இல் தொடங்கிய சின்ன மிருகக்காட்சி சாலை இருக்கிறது. அழிந்துபோன விலங்குகளை வைத்து ஒரு ராட்டினமும் இருக்கிறது, குதிரைக்குப் பதிலாக டோடோ பறவை. எட்டு நாளில் ஆறு நாள் காலை அந்த ராட்டினத்துக்குப் போனோம். ஈஃபில் கோபுரத்தைக் கீழே புல்லில் உட்கார்ந்து பார்த்தோம், மேலே ஏறவில்லை. லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு என் கணவர் ஒரு பகல் தனியாகப் போனார், இன்னொரு பகல் நான். வீட்டில் இருந்தவர் பிள்ளையோடு தூங்கினார். மூன்று பேருமாகப் போயிருந்தால் யாருமே எதையும் பார்த்திருக்க மாட்டோம்.

ஐந்தாம் நாள் காய்ச்சல். பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடை தெருவுக்கு ஒன்று இருக்கிறது. காய்ச்சலுக்கு நாம் கொடுக்கிற பனாடோ சிரப் மாதிரி அங்கே டோலிப்ரேன். அளவுக் குழாயில் மில்லி இல்லை, பிள்ளையின் எடைதான் கிலோவில் கோடு போட்டிருக்கிறது. எடை தெரிந்துகொண்டு போங்கள், மருந்துக் கடையில் முதலில் அதைத்தான் கேட்டார்கள். அவசரம் என்றால் ஐரோப்பா முழுக்க 112. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் வீட்டிலேயே இருந்தோம். ஆறு நாட்டுத் திட்டத்தில் போயிருந்தால் காய்ச்சல் பிள்ளையை பஸ்ஸில்தான் வைத்திருப்பேன், அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஸ்ட்ராஸ்பூருக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தட்டையான ஊர், டிராமில் பிராமை நேராகத் தள்ளிக்கொண்டு ஏறலாம். ஒராஞ்சரி பூங்காவில் மரத்துக்கு மரம் செங்கால் நாரைக் கூடு. 1970களில் அந்தப் பகுதியில் சில ஜோடிகளே மிஞ்சியிருந்து, வளர்த்து விட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். தலையைப் பின்னால் சாய்த்து அலகைத் தட்டும்போது டகடகவென்று சத்தம் வரும், எங்கள் மகள் இரண்டு ஸ்பூனைத் தட்டி அதே சத்தம் செய்து காட்டுகிறாள். இன்னொரு நாடு பார்க்கும் ஆசையும் தீர்ந்தது. 2017இலிருந்து டிராமே ரைன் பாலத்தைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊர் வரை போகிறது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினோம், ஆற்றோரத்தில் விளையாடினோம், மத்தியானத் தூக்கத்துக்குள் பிரான்ஸ் திரும்பிவிட்டோம்.

பள்ளி விடுமுறையைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முன்பே போய்விடுங்கள். மே கடைசி, செப்டம்பர் இரண்டும் நல்ல மாதங்கள், ஜூலை ஆகஸ்டில் கூட்டமும் வெயிலும் விலையும் ஏறிவிடும்.

நேற்று அத்தை வந்திருந்தார், படமெல்லாம் பார்த்தார். அவருக்கு முழங்கால் வலி, படியேற முடியாது, மத்தியானம் படுக்காமல் இருக்க முடியாது. லிஃப்ட், தாழ்வான பஸ், பக்கத்திலேயே பூங்கா, வீட்டில் சோறு என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில் "எனக்கு பாஸ்போர்ட் எடுக்க எத்தனை நாள் ஆகும்?" என்றார். திங்கட்கிழமை போட்டோ எடுக்கக் கூட்டிப் போகிறேன்.