‘பிஹெச் நியூட்ரல்’ என்று லேபிள் ஒட்டியவர் ஒருமுறை என் வீட்டுக்கு வரட்டும்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் ஆரம்பித்த எரிச்சல் இது. உள்ளேயே வைத்திருந்தால் பிபி ஏறும், அதனால் கொட்டிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு ஜெர்மன் கார் வாங்கினேன். புதிதில்லை, ஐந்து வருடம் ஓடியது, புது விலையில் பாதிக்கும் கீழே கிடைத்தது. உள்ளே முழுக்கச் சந்தன நிற லெதர். சென்னைத் தூசிக்கு நடுவே இந்த நிறத்தில் சீட் வைத்த காரை எவனாவது வாங்குவானா என்று மச்சான் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டான். நான் கேட்கவில்லை. புது ஜீன்ஸ் போட்டு உட்கார்ந்தால் நீலம் ஒட்டும், பையன் சாக்லேட்டோடு ஏறினால் கதை முடிந்தது, எல்லாம் தெரிந்தேதான் வாங்கினேன். தெரிந்ததால்தான் கார் வந்த வாரமே ஜி.பி. ரோடு போய்ப் பை நிறைய கார் கிளீனர் பாட்டில்களும் வாங்கி வந்தேன்.

பூஜையன்று அம்மா மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, வெற்றிலையில் வைத்து, நேராகக் கொண்டுபோய் டிரைவர் சீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார். டேஷ்போர்டு சரிவாக இருக்கிறதாம், பிள்ளையார் விழுந்துவிடுவாராம். ராத்திரி வெற்றிலை சுருண்டு பிள்ளையார் சாய்ந்திருக்கிறார். காலையில் பார்த்தால் சீட் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை.

சரி, இதற்குத்தானே 1,850 ரூபாய் பாட்டில் இருக்கிறது என்று எடுத்தேன். அரை லிட்டர். கறுப்பு பாட்டில், தங்க எழுத்து. ‘எல்லா வகை லெதருக்கும் ஏற்றது, பிஹெச் நியூட்ரல், துளியும் பாதிக்காது.’ அதாவது அமிலமும் இல்லை, காரமும் இல்லை, நடுநிலையாம். மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் அடித்துக் கறை மேல் வைத்து எடுத்தேன். இரண்டு நொடி ஆகியிருக்காது, மஞ்சள் முழுக்க ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. லெதர் சாயமே கழன்று வருகிறது போல என்று துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

பின்னாலேயே காபி டம்ளரோடு அம்மா. எட்டிப் பார்த்துவிட்டு அலட்டிக்கொள்ளாமல் கேட்டார்: “என்னடா இது, ஆலம் கரைச்ச மாதிரி இருக்கு? அந்தத் தண்ணியில சுண்ணாம்பு ஏதாவது கலந்திருக்கானா?”

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும், அதுதானே ஆரத்தி. வெள்ளைச் சட்டையில் பட்ட சாம்பார்க் கறை மேல் சோப்புப் போட்டதும் சிவப்பதும் இதே கதைதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும். பிஹெச் ஏழு என்றால் நடுநிலை. எட்டைத் தாண்டி ஏறினால்தான் மஞ்சள் இப்படிச் சிவக்க ஆரம்பிக்கும். இந்த அளவில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பது வேறு. அப்படியென்றால் ‘நியூட்ரல்’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்த பாட்டிலுக்குள் இருந்தது கார நீர். தோலோ பதனிட்டு முடியும்போதே அமிலப் பக்கம் நிற்கிற பொருள், காரம் அதற்கு ஆகவே ஆகாது.

கோபம் தலைக்கேறியது. அம்மாவிடம் ஒரு கரண்டி மஞ்சள் வாங்கித் தண்ணீரில் குழைத்து, வெள்ளைக் காகிதத்தில் தடவிக் காயவைத்தேன். என்னிடம் இருந்த ஒன்பது பாட்டில்களையும் வாஷிங் மெஷின் மேல் வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டேன். ‘நியூட்ரல்’ என்று சொன்னவை நான்கு. அதில் இரண்டு சிவந்தன, ஒன்று நன்றாகவே குங்குமக் கலர். தன்னைக் காரம் என்று ஒப்புக்கொண்டிருந்த ஒரே ஒரு ஆல் பர்ப்பஸ் கிளீனரும் சிவந்தது, அதன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அது ‘பத்துப் பங்கு தண்ணீர் கலக்கவும், லெதரில் வேண்டாம்’ என்று தெளிவாகச் சொன்ன பாட்டில். கடைசியில் சும்மா ஒரு ஆசைக்குப் பையனின் பேபி ஷாம்பூவை ஒரு சொட்டு விட்டேன். மஞ்சள் அசையவில்லை.

மஞ்சள் காகிதம் காரத்தை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அமிலமும் கரைப்பானும் இருந்தால் வாயைத் திறக்காது. அதுவே என் ஆத்திரத்துக்கு முக்கியக் காரணம். முகத்துக்குத் தடவும் ஐம்பது ரூபாய் க்ரீமில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பொடி எழுத்திலாவது போட்டிருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை கொடுத்த கார் சீட்டில் தேய்க்கும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ‘அட்வான்ஸ்டு நானோ ஃபார்முலா’ என்று இருக்கிறது. நானோ என்ன? எதனுடைய நானோ? விலை இருக்கிறது, அளவு இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது, ஸ்ட்ராபெரி வாசனை கூட இருக்கிறது. உள்ளே என்ன என்பது மட்டும் இல்லை.

ரசாயனப் பொருள்களுக்குப் பாதுகாப்புத் தரவுத் தாள் என்று ஒன்று உண்டு. பதினாறு பகுதிகள். மூன்றாவதில் சேர்மானம், ஒன்பதாவதில் பிஹெச். ஒழுங்கான நிறுவனங்கள் இதை இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன, ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். என் தங்க எழுத்து பாட்டில்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அதை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். விலைப்பட்டியல் வந்தது. திரும்பக் கேட்டேன். “சார், டீலர்ஷிப் இன்ட்ரஸ்ட் இருக்கா?” என்று வந்தது.

இன்னொரு அநியாயம் கேளுங்கள். ‘ஆழமாக ஊடுருவி லெதருக்கு ஊட்டம் தரும்’ கண்டிஷனர். இன்றைக்குக் காரில் வரும் லெதரில் பெரும்பாலானவை மேலே நிறம் பூசி, அதற்கும் மேலே பாலியூரிதேன் படலம் போட்டவை. நம் கை படுவது அந்தப் படலத்தின் மேல்தான். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அதன் மேல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்புக்கு எவ்வளவு குளிர்ச்சியோ, அவ்வளவு ஊட்டம்தான் இந்த லெதருக்கும் கிடைக்கும். படலம் இல்லாத அனிலின் லெதர் என்று ஒரு வகை இருக்கிறது, அது வேறு ஜாதி. மறைவான ஒரு ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தெரிந்துவிடும்: உருண்டு நின்றால் படலம் இருக்கிறது, உறிஞ்சிக் கறுத்தால் இல்லை. இந்த ஒரு வரியை ஒரு பாட்டிலாவது சொல்கிறதா? சொன்னால் ஒரே பாட்டிலை எல்லோருக்கும் விற்க முடியாதே.

அதோடு ‘லெதர் சீட்’ என்று பில்லில் இருந்தாலும் பல கார்களில் உடம்பு படும் இடம் மட்டும்தான் தோல். பக்கவாட்டும் முதுகுப்புறமும் ரெக்சின். ரெக்சின் என்று சொன்னால் மரியாதை போய்விடும் இல்லையா, அதனால் மெர்சிடிஸில் அது ஆர்ட்டிகோ, பி.எம்.டபிள்யூவில் சென்சாடெக், டொயோட்டாவில் சாஃப்டெக்ஸ். ஆல்கண்டாரா இன்னும் மோசம். பெயரைக் கேட்டால் ஏதோ மான் தோல் போல இருக்கும், உண்மையில் பாலியெஸ்டரும் பாலியூரிதேனும். 1970-ல் ஜப்பானில் கண்டுபிடித்து இத்தாலியில் தயாராகும் செயற்கைத் துணி. அது தெரியாமல் என் நண்பன் ஒருவன் ஆல்கண்டாரா சுற்றிய ஸ்டீயரிங்கில் லெதர் க்ரீமை அப்பிவிட்டான். இப்போது அது நனைந்த பூனை முதுகு மாதிரி இருக்கிறது. பாட்டிலில் ‘அனைத்து உள்புறப் பரப்புகளுக்கும்’ என்றுதான் போட்டிருந்ததாம். அனைத்துக்கும்! ஒரு காருக்குள் தோல், ரெக்சின், மரம், அலுமினியம், மெத்தென்ற பிளாஸ்டிக், துணி, தொடுதிரை என்று ஒரு பட்டாளமே இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே சர்வரோக நிவாரணி.

தொடுதிரை என்றதும் ஞாபகம் வருகிறது. கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீரை அதில் அடிக்காதீர்கள். அம்மோனியா கலந்ததாக இருந்தால் திரை மேலிருக்கும் பூச்சு திட்டுத் திட்டாகப் போகும். மீட்டருக்கு முன்னால் இருப்பதும் கண்ணாடியில்லை, பிளாஸ்டிக். அதில் ஆல்கஹால் பட்டுப் பட்டு மயிரிழை வெடிப்பு விட்ட காரை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நம் ஊர் வாட்டர் வாஷ். கடைப் பெயர் வேண்டாம், எல்லா ஏரியாவிலும் இருக்கிறது. ‘இன்டீரியர் டீடெய்லிங்’ என்று புதுப் போர்டு, விலை நாலு மடங்கு, உள்ளே அதே தம்பி, அதே ஸ்பான்ஜ். தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன்: “தம்பி, டேஷ்போர்டுல பளபளப்பு எதுவும் போட வேணாம்.” தலையாட்டினான். திரும்பி வந்தால் டேஷ்போர்டு பஜ்ஜிக் கடைத் தட்டு மாதிரி மின்னுகிறது. “சும்மா கொஞ்சமா போட்டேன் சார், இல்லைன்னா கழுவின மாதிரியே தெரியாது” என்கிறான் பெருமையாக. சிலிக்கான் எண்ணெய். கம்பெனியில் அந்த டேஷ்போர்டை மங்கலாகச் செய்து அனுப்பியதே வெயில் எதிரொளிக்கக் கூடாது என்பதற்குத்தான். மத்தியானம் ஈ.சி.ஆரில் போகும்போது முன்கண்ணாடி முழுக்க டேஷ்போர்டின் நிழல்தான் தெரிகிறது, ரோடு அதற்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது. ஸ்டீயரிங்கிலும் தடவியிருந்தான். ஒரு யூ டர்னில் கை வழுக்கியது. சீட்டில் வேறு. பிரேக் பிடித்தால் மனைவியும் நானும் சேர்ந்தே முன்னால் சறுக்குகிறோம்.

தம்பியைத் திட்டிப் பயனில்லை, அவனுக்குக் கொடுத்த கேன் மேலும் லேபிள் கிடையாது. ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன், மார்க்கர் பேனாவில் ‘டேஷ்’ என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த ரசாயனம்.

வீடியோ போடும் அண்ணன்மார்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு பாட்டில், ஒரு அழுக்கு சீட், பாதி துடைத்தது பாதி துடைக்காதது. “மக்களே, வித்தியாசத்தைப் பாருங்க!” எந்த அழுக்கு சீட்டையும் எதைக் கொண்டு துடைத்தாலும் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அதே பாட்டிலை ஆறு மாதம் கழித்து, அதே சீட்டில், படலம் உரிந்திருக்கிறதா என்று காட்டிய ஒரு வீடியோவை நான் இதுவரை பார்க்கவில்லை. மேஜிக் ஸ்பான்ஜ் என்று ஒன்றைக் காட்டி ஜீன்ஸ் நீலத்தை அழிப்பார்கள். அது மெலமைன் நுரை, மிக நைசான உப்புத்தாள். நீலம் போகும், மேல்படலமும் கூடவே போகும்.

மறுபக்கம் சொந்தக்காரர்கள். ஒருவர் ஷேவிங் ஃபோம், ஒருவர் தேங்காய் எண்ணெய். அப்பா மட்டும், “அம்பாசடர்ல ரெக்சின் சீட்டு, ஈரத் துணியால துடைப்போம், அவ்வளவுதான்” என்றார். கடுப்பில் காரின் கையேட்டைப் புரட்டினேன். ஈரமான மெல்லிய துணி, தேவைப்பட்டால் மென்மையான சோப்புக் கரைசல் கொஞ்சம் என்று போட்டிருக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை.

கறை என்ன ஆனது என்று கேட்பீர்கள். வீட்டு போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். அதனால் பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, அதில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பூ விட்டுத் துணியை நனைத்துப் பிழிந்து நாலு தடவை துடைத்தேன். சிவப்பு மறுபடி மஞ்சளாகி, முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது, மஞ்சள் நிறம் வெயிலில் தானாக வெளுக்கும். பத்து நாளில் இடமே தெரியவில்லை. ஆன மொத்தச் செலவைச் சொன்னால் அந்த ஒன்பது பாட்டில்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

அந்த நிறுவனத்துக்குச் சிவந்த காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினேன். ‘நியூட்ரல் என்று போட்டிருக்கிறீர்களே, இது என்ன?’ நாலு நாள் கழித்து நேற்று பதில் வந்தது.

“சார், நீங்க யூஸ் பண்ணது ஒரிஜினல் மஞ்சளா?”

இதை நான் அம்மாவிடம் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கு மஞ்சள் ஈரோட்டிலிருந்து வருகிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மஞ்சள், கிழங்காக வாங்கி அம்மாவே வெயிலில் காயவைத்து மிஷினில் கொடுத்து அரைப்பார். காலையிலிருந்து என் போனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அந்த நம்பர் வேண்டுமாம்.