மினசோட்டாவில் பாப் மாட்ஸ்கோவை எந்த அளவுகோலால் அளப்பது?

2025 மார்ச் 27ஆம் தேதி இரவு ஃபார்கோ நகரில் நடந்த ஆட்டத்தில், மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திடம், முதல் கோலை அடிக்கும் அணி வெல்லும் கூடுதல் நேரத்தில் 5–4 என்று தோற்று, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணி கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. மறுநாள் காலையிலிருந்து இங்கே மினியாபொலிஸில் அலுவலகத் தேநீர் இடைவேளையிலும் மளிகைக் கடை வரிசையிலும் ஒரே கேள்விதான் கேட்கிறது: பயிற்சியாளர் பாப் மாட்ஸ்கோ ஏழு பருவங்கள் முடித்துவிட்டார், அவர் எதிர்பார்ப்பை நிறைவேற்றினாரா, இல்லையா? பல ஆண்டுகளாக இந்த அணியின் சீசன் டிக்கெட் வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கும் இதில் ஓர் உறுதியான கருத்து உண்டு. 2025 ஏப்ரலில் செயின்ட் லூயிஸில் வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் முதல் தேசியப் பட்டத்தை வென்று பருவம் முடிந்த பிறகு, கோபம் ஆறிய நிலையில் அதை எழுதுகிறேன்.

நம்மூரில் ஹாக்கி என்றால் கோவில்பட்டியின் மைதானங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மினசோட்டாவில் அந்தச் சொல்லுக்குப் பனித்தரை என்று மட்டுமே பொருள். இங்கே குழந்தைகள் உறைந்த ஏரிகளின் மேல் விளையாடி வளர்கிறார்கள், அவர்களில் மிகச் சிறந்தவர்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘கோஃபர்ஸ்’ அணிக்கு ஆடுவார்கள் என்பது தலைமுறைகளாக வரும் நம்பிக்கை. எதிர்பார்ப்பின் வேர் அங்கே இருக்கிறது. அதை வளர்த்தவர் ஹெர்ப் புரூக்ஸ். 1974, 1976, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்று கொடுத்துவிட்டு, 1980 ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு சோவியத் அணியை வீழ்த்தியவர் அவர். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்த ஒவ்வொருவரும் அவருடைய நிழலில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

டக் வூக் 14 பருவங்கள் பயிற்சியளித்தார். அணியில் மினசோட்டாப் பிள்ளைகளை மட்டுமே சேர்ப்பது என்ற கொள்கையோடு, ஆண்டு தவறாமல் என்று சொல்லும் அளவுக்குத் தேசியப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். ஆனால் பட்டம் வரவில்லை. 1989 இறுதிப்போட்டி செயின்ட் பாலில், சொந்த மக்களின் முன்னால், ஹார்வர்டுக்கு எதிராகக் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. மினசோட்டாவின் ராண்டி ஸ்கார்டா அடித்த பக், அதாவது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு, கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, சற்று நேரத்தில் ஹார்வர்டு கோல் அடித்து 4–3 என்று வென்றது. அரங்கில் எனக்குப் பக்கத்து இருக்கையில் அமரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அன்று அங்கே இருந்தவர். பக் கம்பத்தில் பட்ட அந்த ஓசையை இன்றும் தன் விரல் முட்டியால் இருக்கையின் கைப்பிடியில் தட்டிக் காட்டுவார். ஒரு பயிற்சியாளரின் வாழ்நாள் மதிப்பீடு, கம்பத்தில் பட்ட பக் எந்தப் பக்கம் திரும்பியது என்பதைப் பொறுத்து அமைவது நியாயமா என்று நான் அவரிடம் ஒருமுறை கேட்டேன். நியாயமில்லை, ஆனால் இந்த ஊரில் அப்படித்தான் என்றார்.

அடுத்து வந்த டான் லூசியாவின் கதையும் இதையே சொல்கிறது. 2002 இறுதியில் மெய்ன் அணியிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்த நிலையில், ஆட்டம் முடிய 53 விநாடிகள் இருக்கும்போது மாட் கோல்ஸ்கா சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், அந்த அணியில் மினசோட்டாவுக்கு வெளியிலிருந்து வந்த ஒரே வீரரான கிரான்ட் போட்டுல்னி வெற்றி கோலை அடித்தார். 23 ஆண்டுக் காத்திருப்பு அன்று முடிந்தது. மறு ஆண்டும் பட்டம் வந்தது. அதே லூசியாவின் அணிதான் 2006இல் தன் பிரிவின் முதல் இடத்தில் இருந்துகொண்டு, யாரும் பொருட்படுத்தாத ஹோலி கிராஸ் கல்லூரியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. 2013இல் கூடுதல் நேரம் தொடங்கிய ஒன்பதாவது விநாடியில் யேல் கோல் அடித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2018இல் தேசியப் போட்டிக்கான கடைசி இடத்தை மினசோட்டா டலூத்திடம் நூலிழையில் இழந்தார்கள், சில நாட்களில் லூசியா பதவி விலகினார். அந்த நூலிழையில் உள்ளே நுழைந்த டலூத் அதே ஆண்டு பட்டத்தையே வென்றது. வடக்கே சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்தச் சிறிய பல்கலைக்கழகம் 2011, 2018, 2019 என்று மூன்று முறை பட்டம் வாங்கியிருக்கிறது. கோஃபர்ஸுக்கு 2003க்குப் பிறகு ஒன்றும் இல்லை. இந்த ஒப்பீடு இங்குள்ளவர்களை எவ்வளவு உறுத்துகிறது என்பதை வெளியூர்க்காரர்கள் உணர்வது கடினம்.

ஆகவே, பட்டத்தை மட்டும் எண்ணுவது மோசமான அளவுகோல் என்பதே என் முதல் கருத்து. 16 அணிகள் மோதும் போட்டியில் ஒவ்வொரு சுற்றும் ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே. ஐஸ் ஹாக்கியோ குறைந்த கோல்களில் முடியும் ஆட்டம். எதிரணியின் கோல்கீப்பர் ஒருவர் ஓரிரவு அசாத்தியமாக ஆடினாலே போதும், ஆறு மாத உழைப்பு கரைந்துவிடும். ஆனால் இதைச் சொல்லிவிட்டு, எல்லாமே அதிர்ஷ்டம் என்று கைகழுவுகிறவர்களோடும் நான் உடன்படவில்லை. பயிற்சியாளரின் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் மாட்ஸ்கோவுக்கு நியாயம் செய்ய முடியும். அப்படிப் பிரித்துப் பார்க்கும்போது அவருக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் வலுவான சான்றுகள் கிடைக்கின்றன.

சாதகத்தில் எனக்கு முதலில் தோன்றுவது 2022ஆம் ஆண்டின் குளிர்காலம். அதற்கு முந்தைய பருவத்தில் நாட்டின் சிறந்த கல்லூரி கோல்கீப்பர் விருதை வாங்கிய ஜாக் லாஃபோன்டைன், அந்த ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே தொழில்முறை அணியான கரோலினா ஹரிகேன்ஸுக்குப் புறப்பட்டுவிட்டார். பிப்ரவரியில் பென் மையர்ஸ், மாத்யூ நைஸ், பிராக் ஃபேபர் ஆகிய மூவரும் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சென்றார்கள். அதுவரை மிக அரிதாகவே களமிறங்கிய ஜஸ்டன் க்ளோஸ் என்ற மாணவர் கோலைக் காக்க நின்றார். அந்த முதல் வாரங்களில் நான் அரங்கில் இருந்தேன். க்ளோஸ் ஒவ்வொரு முறை பக்கைத் தடுத்ததும் தற்காப்பு வீரர்கள் உடனே திரும்பி வந்து, அவருடைய கால் கவசங்களைத் தங்கள் மட்டையால் மெல்லத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒரு முறைகூட யாரும் மறக்கவில்லை. எதிரணிக்குக் கோலுக்கு நேர் எதிரே இடம் கொடுக்காமல் ஓரங்களுக்குத் தள்ளும் ஆட்டத்துக்கு அணி முழுவதும் மாறியிருந்தது. அந்தப் பருவத்தில், மினசோட்டா ஆடும் பிக் டென் லீக்கின் பட்டம் வந்தது. தேசியப் போட்டியில் நடப்பு வாகையரான மசாசூசெட்ஸைக் கூடுதல் நேரத்தில் வென்றார்கள், வெஸ்டர்ன் மிச்சிகனை 3–0 என்று கோலே விடாமல் வென்று, கடைசி நான்கு அணிகளில் இடம்பிடித்தார்கள். இது முழுக்க முழுக்கப் பயிற்சியாளரின் வேலை. அதற்கு முந்தைய கோடையில்தான் அவர் தம் இளம் மகனை ஒரு கார் விபத்தில் பறிகொடுத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டு பிறர் பிள்ளைகளை அவர் வழிநடத்திய விதத்தை நான் என்றும் மதிப்பேன்.

2018இல் அவர் பொறுப்பேற்றபோது அணி இருந்த நிலையையும் மறக்கக்கூடாது. முதல் பருவத்தில் தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. இரண்டாவது பருவம் கோவிடால் பாதியில் நின்றது. அதற்குப் பின் வந்த ஐந்து பருவங்களிலும் தகுதி பெற்றார்கள். 2022இலும் 2023இலும் லீக் பட்டத்தைத் தனியாக வென்றார்கள், 2025இல் மிச்சிகன் ஸ்டேட்டோடு பகிர்ந்துகொண்டார்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாக இருப்பது என்ற எதிர்பார்ப்பை அவர் ஐயத்துக்கு இடமின்றி நிறைவேற்றியிருக்கிறார்.

இனி, தேசியப் போட்டி நடக்கும் மார்ச், ஏப்ரல். 2023 ஏப்ரல் 8, டாம்பா நகரில் இறுதிப்போட்டி. லோகன் கூலி, நைஸ், ஜிம்மி ஸ்னகரூட், ஃபேபர் என்று அத்தனை திறமை ஒரே கல்லூரி அணியில் ஒன்றுசேர்வது அரிது. குவின்னிபியாக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 2–0 என்று முன்னிலை பெற்றார்கள். பிறகு ஆட்டம் மெல்ல மெல்லக் கைநழுவியது. மூன்றாவது பகுதியில், அதாவது ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடங்களில், நம் வீரர்கள் பக்கைத் தங்கள் எல்லையிலிருந்து வெளியே தள்ளிவிட்டு மூச்சு வாங்குவதும், அது உடனே திரும்பி வருவதுமாகவே கழிந்தது. மூன்று நிமிடங்களுக்கும் குறைவாக இருக்கும்போது, கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டுக் கூடுதல் வீரரோடு தாக்கிய குவின்னிபியாக் சமன் செய்தது. ஒரு நண்பரின் வீட்டு நிலவறையில் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். கூடுதல் நேரம் தொடங்கும்போது, சமையலறைக்குப் போனவர்கள் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நடுவட்டத்தில் பக் விழுந்தது, பின்னால் இருந்த தற்காப்பு வீரருக்குச் சென்றது, அவர் அதை உயரமாக முன்னே அனுப்பினார், நம் தற்காப்புப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டருகே ஒருவர் அதைத் தட்டிவிட, ஜேக்கப் குவில்லன் க்ளோஸைச் சுற்றிச் சென்று வலைக்குள் தள்ளினார். பத்து விநாடி. படியில் இருந்தவர்கள் தரையைத் தொடவே இல்லை.

பலரும் அந்தக் கோலைத் துரதிர்ஷ்டம் என்கிறார்கள். நான் அதை எத்தனையோ முறை திரும்பப் பார்த்துவிட்டேன். மூன்று பேர் தாங்கள் போக வேண்டிய இடத்துக்கு, பக் வருவதற்கு முன்பே போய்க்கொண்டிருக்கிறார்கள். அது பயிற்சியில் பலமுறை ஒத்திகை பார்த்த நகர்வு. எதிரணிப் பயிற்சியாளர் ரேண்ட் பெக்னால்ட் கூடுதல் நேரத்துக்கு முந்தைய இடைவேளையில் ஒரு திட்டத்தோடு தம் பிள்ளைகளைப் பனித்தரைக்கு அனுப்பியிருக்கிறார், நம் பிள்ளைகள் அதை எதிர்கொள்ளத் தயாராக இல்லை. முன்னிலையைக் காப்பதற்காகப் பின்வாங்கியதும் தொடக்க நகர்வுக்கு விழிப்பாக இல்லாததும் பயிற்சியாளரின் கணக்கில்தான் சேரும். 2022 அரையிறுதியிலும் மான்கேட்டோவில் உள்ள மினசோட்டா ஸ்டேட்டுக்கு எதிராக முதல் கோலை நாம்தான் அடித்தோம், ஆட்டம் 5–1 என்று முடிந்தது. அதே அணி 2021இல் நம்மை ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் 4–0 என்று வென்றிருந்தது. ஒரே எதிரி, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள், ஒரே விதமான நெருக்கடி ஆட்டம். இரண்டாவது முறை நம்மிடம் புதிய விடை எதுவும் இருக்கவில்லை.

2025 மார்ச்சில் ஃபார்கோவுக்கு முன் நடந்ததுதான் என் மனத்தில் இன்னும் ஆழமாகத் தைத்திருக்கிறது. பிக் டென் போட்டியின் முதல் சுற்றில், லீக்கின் கடைசி இடத்தில் இருந்த நோட்டர் டேமிடம், நம் சொந்த அரங்கில், மூன்று ஆட்டங்கள் கொண்ட தொடரில் 2–1 என்று தோற்றோம். ஒரே ஆட்டம் என்ற வாதம் இங்கே செல்லாது. முதல் ஆட்டத்தில் கண்டதை வைத்து இரண்டாவதையும் மூன்றாவதையும் திருத்தத்தான் தொடர் என்று ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிறு இரவு அரங்கை விட்டு வெளியே வந்தபோது பக்கத்து இருக்கை ஆசிரியர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் பேசாமல் வாகன நிறுத்தம் வரை நடந்து நான் பார்த்ததில்லை.

பனித்தரையின் அகலத்தையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். நம் சொந்த அரங்கான மாரியூச்சியின் தரை 1993 முதல் ஒலிம்பிக் அளவில், 100 அடி அகலமாக இருந்தது. தேசியப் போட்டிகள் பெரும்பாலும் 85 அடித் தரைகளில் நடப்பவை. அகன்ற தரையில் அழகாகச் சறுக்கிப் பழகியவர்களுக்கு அங்கே இடமும் நேரமும் குறைந்துவிடும். அந்தக் காரணம் 2023 வரை ஓரளவு பொருந்தியது. அந்தக் கோடையில் தரையைக் குறுக்கிவிட்டார்கள், அதற்குப் பின்னும் மார்ச் மாறவில்லை.

என் தீர்ப்பு இதுதான். அணியைக் கட்டுவதிலும் பிள்ளைகளை வளர்ப்பதிலும் பாப் மாட்ஸ்கோ எதிர்பார்ப்பை நிறைவேற்றியிருக்கிறார். நெருக்கடியான ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடங்களுக்கு அணியைத் தயார் செய்வதில் நிறைவேற்றவில்லை. முதலாவதை நிறைவேற்றியதால்தான் இரண்டாவதை இவ்வளவு கண்டிப்போடு கேட்க முடிகிறது. 2002, 2003 பட்டங்களின்போது லூசியாவின் துணைப் பயிற்சியாளராக அதே பெஞ்சில் நின்றவர் அவர். செயின்ட் கிளவுட் ஸ்டேட்டை 2013இல் கடைசி நான்குக்குக் கொண்டு சென்றவர், 2017இல் அமெரிக்க இளையோர் அணிக்கு உலகத் தங்கம் வென்று கொடுத்தவர். எப்படி வெல்வது என்று அவருக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போதே அவரை நீக்க வேண்டும் என்று குரல் எழுப்புகிறவர்கள், அவருக்குப் பதிலாக வருபவர் ஐந்து பருவங்கள் தொடர்ந்து தகுதி பெறுவார் என்பதற்கு எந்த உறுதியையும் தர இயலாது. லூசியாவின் கீழேயே 2009 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தகுதி பெறாமல் இருந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

ஸ்னகரூட், ஆலிவர் மூர், சாம் ரின்செல் ஆகியோர் ஃபார்கோ தோல்விக்குப் பிறகு தொழில்முறை அணிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு போய்விட்டார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல், கனடாவின் முதன்மையான இளையோர் லீக்குகளான மேஜர் ஜூனியரில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஆடலாம் என்று விதி மாறியது. உள்ளூர்ப் பிள்ளைகளைச் சார்ந்து நின்ற மினசோட்டாவுக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய மாற்றம். ஆகவே 2025–26 பருவத்தில் அவர் எத்தனை ஆட்டங்கள் வென்றார் என்று நான் முதலில் பார்க்கப் போவதில்லை. ஒரு கோல் முன்னிலையோடு மூன்றாவது பகுதிக்குள் நுழையும்போது அணி முன்னே போய் ஆடுகிறதா, பின்னே போய் நிற்கிறதா என்று பார்ப்பேன். கூடுதல் நேரத்தைத் தொடங்க நடுவர் பக்கைப் போடும் முதல் ஃபேஸ்-ஆஃபில் ஐந்து பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். அக்டோபரிலேயே அது தெரிந்துவிடும் என்கிறார் பக்கத்து இருக்கை ஆசிரியர். நாங்கள் இருவரும் எங்கள் இருக்கைகளுக்குப் பணம் கட்டிவிட்டோம்.