காது தொங்கினாலே போயர் ஆடு இல்லை

"காது தொங்கினால் போயர், கறிக்கு மட்டும்தான் ஆகும், காது நிமிர்ந்திருந்தால் பால் ஆடு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போயர் என்பது கறிக்காக வளர்க்கப்படும் தென்னாப்பிரிக்க ஆட்டு இனம். தயவுசெய்து இதை நம்பி ஆடு வாங்கிவிடாதீர்கள்.

ஆங்கிலோ நூபியன் என்ற ஆட்டு இனத்துக்கும் காது தொங்கும், மூக்கும் வளைந்திருக்கும். ஆனால் அது முக்கியமாகப் பாலுக்காக வளர்க்கப்படுவது. இந்தியாவின் ஜமுனாபாரி உள்ளிட்ட இனங்களை உள்ளூர் ஆடுகளோடு சேர்த்து இங்கிலாந்தில் உருவாக்கியது. பாலில் கொழுப்பு 4 முதல் 5 சதவீதம் வரை இருக்கும், பாலாடைக்கட்டிக்கு அருமையாக இருக்கும். பாலின் அளவு என்று பார்த்தால் சானென் என்ற பால் ஆட்டு இனம்தான் முந்தும்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? முதலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நூபியன் உயரமாக, நீண்ட கால்களோடு நிற்கும். காதை முகத்தோடு ஒட்டிப் பிடித்தால் மூக்கு நுனியையும் தாண்டும். தென்னாப்பிரிக்கப் போயருக்குக் காது அவ்வளவு நீளம் வராது. கால் குட்டை, மார்பு அகலம். அப்புறம் பின்பக்கம் போய்ப் பாருங்கள், தொடைச் சதை உள்பக்கமும் திரண்டிருக்கும். வெள்ளை உடல், செம்பழுப்புத் தலை என்ற நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கலப்பினக் குட்டிகளுக்கும் அந்த நிறம் வரும், முழுச் சிவப்பில் தூய போயரும் உண்டு.

நிமிர்ந்த காது விஷயமும் அப்படித்தான். கருப்பு வங்காள ஆட்டுக்குக் காது சிறியது, தொங்காது. ஆனால் அது பேர்போனது கறிக்கும் தோலுக்கும். லமாஞ்சா என்ற இனத்துக்குக் காதே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் நல்ல பால் ஆடு.

பாலுக்கு வாங்குகிறவர்கள் காதை விட்டுவிட்டு மடியைப் பாருங்கள், தாய் ஆடு எவ்வளவு கறந்தது என்று கேளுங்கள்.