அவன் வரைந்தது அடி வாங்கியதால் அல்ல

நேற்று மேடையில் அந்தக் கவிஞர் ஒரு பெண்ணை அறைந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், திரும்ப விவரிக்கப் போவதில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு நீங்கள் சொன்ன சமாதானம்தான். "சின்ன வயதில் அவ்வளவு பட்டவர், அந்த வலிதான் அவர் கவிதை, கலைஞன் அப்படித்தான் இருப்பான்." சரி, அறை வாங்கிய பெண்ணின் வலி எந்தக் கணக்கில் வரும்?

வலி கவிதை எழுதாது. வலியைச் சுமப்பவர் உட்கார்ந்து எழுதுகிறார், அடித்துத் திருத்துகிறார். அந்த உழைப்பைப் பறித்து, அவரை அடித்த கைக்கே பெருமையைக் கொடுக்கிறீர்கள்.

ஆராய்ச்சி தெரியாமல் பேசுகிறேன் என்பீர்கள். 1998இல் அமெரிக்க மருத்துவர்கள் பெலிட்டி, ஆண்டா குழுவினர் வெளியிட்ட ஆய்வு எனக்கும் தெரியும். சிறுவயதில் நான்கு வகைக் கொடுமைகளையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம். அது சொல்வது நோயைப் பற்றி. மேதைமையைப் பற்றி அல்ல.

குணமாகிவிட்டால் கலை போய்விடும் என்கிறார்கள். ஓவியர் எட்வர்ட் மூங்க்கும் அப்படித்தான் பயந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தவர், அப்புறம் அக்காவையும். 1908இல் குடியால் மனம் உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தார். வெளியே வந்து, 1944இல் 80 வயதில் இறக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார்.

"அப்படியானால் உனக்கு இரக்கமே இல்லையா?" இதை என்னிடம் கேட்காதீர்கள். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் நானும் அண்ணனும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வோம். அண்ணன் பலகையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் வரைவான், நான் அழாமல் இருப்பதற்காக. அப்பா ஊரில் இல்லாத வாரங்களில்தான் அவன் நிறைய வரைந்தான். இதை நான் கண்ணால் பார்த்தவள்.

வளர்ந்தபின் அவனும் குடித்தான். அண்ணியை அடித்தான். அப்போதும் சொந்தக்காரர்கள் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள், "கலைஞன் இல்லையா, பொறுத்துக்கோ." அண்ணி பொறுத்தாள். கை நடுங்கிப்போய் கடைசி நான்கு வருடம் அவனால் ஒரு கோடுகூட நேராகப் போட முடியவில்லை. அவன் மகன் இன்றும் யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் திடுக்கிடுகிறான். அவனும் நன்றாக வரைவான் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணனை மேதை என்று சொன்னவர்களில் ஒருவர்கூட அவனை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. நானும் போகவில்லை.